ஒரு ராத்திரிக்கு எவ்வளவு? ஆயிரம்விளக்கு மாடி போர்ஷனின் வாடகைக் கணக்கு!

சென்னை ஆயிரம்விளக்கில் ஒரு சந்து. அதில் ஒரு பழைய மாடி வீடு. கீழே வீட்டுக்காரர். மேலே ஒரு போர்ஷன். ஒரு படுக்கை அறை, ஹால், சமையல் அறை, குளியல் அறை. அவ்வளவுதான்.

இந்த மாடிக்கு மாதம் 18 ஆயிரம் ரூபாய் வாடகை வந்து கொண்டிருந்தது. குடியிருந்தவர்கள் 2022-ம் ஆண்டு கடைசியில் காலி செய்து போனார்கள். வீட்டுக்காரர் வேறு குடித்தனம் வைக்கவில்லை. செல்போன் ஆப் நடத்தும் கம்பெனி ஒன்றில் வீட்டைப் பதிவு செய்தார். "ஒரு ராத்திரிக்கு இவ்வளவு" என்று நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தார்.

2023 ஜனவரி. முதல் மாதமே 24 ராத்திரி ஆள் இருந்தார்கள். தெருவே கண் வைத்தது. "சாருக்கு லாட்டரி அடிச்சுடுச்சு" என்று முனைக் கடைக்காரர் சொன்னார்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், கையில் மிஞ்சியது 3 ஆயிரத்து 40 ரூபாய்!

இது எப்படி நடந்தது? அதன் விவரம் வருமாறு:-

நீல மை நோட்டு

வீட்டுக்காரருக்கு வயது 64. கூட்டுறவு பண்டகசாலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். "ரேட் கணக்கை எழுதுங்க, ஆளை எழுதாதீங்க" என்பது அவர் நிபந்தனை.

குமாஸ்தா உத்தியோகம் விட்டாலும் பழக்கம் விடவில்லை. ரூல் போட்ட நோட்டு. நீல மையில் வரவு, சிவப்பு மையில் செலவு. ஒரு சோப்பு வாங்கினாலும் அதில் ஏறி விடும். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. வீடு நிறைய ஆள் வருகிறார்கள் என்ற சந்தோஷத்திலேயே ஒரு வருடம் ஓடியிருக்கும்.

முதல் மாதம் அவர் வைத்த ரேட் ரூ.999. ஏன் 999? பக்கத்து லாட்ஜுகளில் அப்படித்தான் போர்டு தொங்கிக் கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவரும் வைத்தார்.

அந்த 999-க்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. ஒரு நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரை உள்ள ரூம்களுக்கு ஒரு காலத்தில் ஜி.எஸ்.டி. வரி கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினால் வரி. ஆகவே பல லாட்ஜுக்காரர்கள் 999-ல் நிறுத்திக் கொண்டார்கள். 2022-ம் ஆண்டு ஜூலை 18-ந்தேதி அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. ஆயிரத்துக்கு உள்ளேயும் 12 சதவீத வரி வந்து விட்டது. காரணம் போய் ஆறு மாதம் ஆன பிறகும் போர்டு மட்டும் தொங்கிக் கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்ம குமாஸ்தா காப்பி அடித்தார்!

எங்கே போனது பணம்?

24 ராத்திரிக்கு தலா 999 என்றால் 23 ஆயிரத்து 976 ரூபாய். இது வரவு.

ஆப் கம்பெனி 100-க்கு 15 பிடித்துக் கொண்டது. அது 3 ஆயிரத்து 596.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அந்த 24 ராத்திரியில் வந்து போன பார்ட்டிகள் 19. பெரும்பாலும் ஒரே ராத்திரி ஆட்கள். ரெயிலைத் தவற விட்டவர்கள், பரீட்சை எழுத வந்தவர்கள், மறுநாள் காலை இண்டர்வியூவுக்குப் போக வேண்டியவர்கள். ஒவ்வொரு பார்ட்டி போன பிறகும் ரூமைக் கழுவித் துடைக்க ஒரு அம்மாள் வருவார். ஒரு தடவைக்கு 300 ரூபாய். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் லாண்டிரிக்குப் போய் வர 150. சோப்பு, டீத்தூள், தண்ணீர் கேன் 50. ஆக, ஆள் மாறினால் 500 ரூபாய். 19 தடவைக்கு 9 ஆயிரத்து 500!

அப்புறம் கரண்டு. ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும். காலையில் ஹீட்டர். தண்ணீர் லாரிக்கும் பங்கு உண்டு. ஒரு ராத்திரிக்கு 160 ரூபாய் என்று அவர் கணக்குப் போட்டார். 24 ராத்திரிக்கு 3 ஆயிரத்து 840.

ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்டர்நெட், டி.வி. செலவு உண்டு. கட்டில், மெத்தை தேய்மானம், சுண்ணாம்பு அடிக்க ஒதுக்கி வைப்பது, இதெல்லாம் மாதம் 4 ஆயிரம்.

எல்லாம் கழித்தால் 3 ஆயிரத்து 40. சும்மா குடித்தனம் வைத்திருந்தால் ராத்திரி தூக்கம் கெடாமல் 18 ஆயிரம் வந்திருக்கும்.

கூட்டல் தப்பாக இருக்குமோ என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தாராம். மூன்று தடவையும் அதே 3 ஆயிரத்து 40.

பிறந்த நாள் கூத்து

பணம் போனது மட்டும் அல்ல. ரேட் குறைந்தால் வருகிற ஆளும் மாறுகிறது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி நாலு வாலிபர்கள் வந்தார்கள். இதே சென்னைவாசிகள்தான். "ஊரில் வீடு இருக்கும்போது ரூம் எதற்கு?" என்று வீட்டுக்காரர் அப்போது கேட்கவில்லை. 11 மணிக்கு கேக் வெட்டினார்கள். 12 மணிக்கு பாட்டு. ஒரு மணிக்கு எதிர் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். காலையில் பார்த்தால் கை கழுவும் பேசின் இரண்டாகப் பிளந்து கிடந்தது. 999 வாங்கிய இடத்தில் 2 ஆயிரத்து 800 கொடுத்து பேசின் மாற்றினார்.

"நாலு பேருக்கு ஆளுக்கு 250 ரூபா. சினிமாவுக்குப் போய் பாப்கார்ன் வாங்குற காசு. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. அந்த ரேட்டை வெச்ச என்னைத்தான் சொல்லணும்" என்றார் அவர்.

மறுநாளே குறைந்தது 2 ராத்திரி தங்க வேண்டும் என்று ஆப்பில் மாற்றினார். அடையாள அட்டை இல்லாமல் சாவி இல்லை என்று எழுதினார். இரண்டும் ரேட்டைப் போலவே முக்கியம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரி பக்கம்

ஆயிரம்விளக்கில் ரூம் தேடி வருகிறவர்களில் பெரும் பகுதி சுற்றுலாப் பயணிகள் அல்ல. கிரீம்ஸ் சாலையை ஒட்டி 1983-ல் அப்பல்லோ ஆஸ்பத்திரி வந்தது. அதற்கு முன்பே 1978-ல் சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரி ஆரம்பிக்கப்பட்டு, கொஞ்ச தூரத்தில் கல்லூரி சாலையில் இருக்கிறது. மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் என்று தூரத்தில் இருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். இந்தச் சந்துகளில் வங்காள எழுத்தில் போர்டு வைத்த மெஸ்கள் இருப்பது அதனால்தான்.

இவர்கள் ஒரு ராத்திரிக்கு வருவது இல்லை. டெஸ்டுக்கு நாலு நாள், ஆபரேஷனுக்கு ஒரு வாரம், தையல் பிரிக்க இன்னொரு வாரம் என்று தங்குவார்கள். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படி ஆகாது. தாங்களே சமைத்துக் கொள்ள ஒரு அடுப்பு வேண்டும். மாடி போர்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

வீட்டுக்காரர் நோட்டைத் திருப்பிப் புதிதாகக் கணக்குப் போட்டார்.

பழைய வாடகை 18 ஆயிரமாவது வர வேண்டும். நிரந்தரச் செலவு 4 ஆயிரம். மாதத்தில் 30 நாளும் நிரம்பும் என்று நம்பக் கூடாது. 18 ராத்திரிதான் நிரம்பும், அதுவும் மும்மூன்று நாளாக ஆறு பார்ட்டி வரும் என்று வைத்துக் கொண்டார். கரண்டு, தண்ணீர் 2 ஆயிரத்து 880. ஆறு தடவை துப்புரவு 3 ஆயிரம். ஆக மொத்தம் 27 ஆயிரத்து 880 கைக்கு வர வேண்டும். கம்பெனி 15 பிடித்தது போக அவ்வளவு வர வேண்டும் என்றால், வசூல் 32 ஆயிரத்து 800 ஆக வேண்டும். 18-ஆல் வகுத்தார். 1,822 வந்தது.

ரூ.1,850 என்று ரேட் வைத்தார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

"யாரு வருவா?" என்று மனைவி கேட்டார்.

அதற்குத்தான் வார ரேட். ஏழு நாள் தங்கினால் ஒரு ராத்திரிக்கு 1,400. வாரத்துக்கு 9 ஆயிரத்து 800. வரி தனி.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கெஞ்சிக் கேட்டதற்காக ஒரே ராத்திரிக்கு விட்டால், அந்த ஆள் 1,850 கொடுப்பார். கமிஷன், துப்புரவு, கரண்டு போக மிஞ்சுவது 912 ரூபாய். வாரத்துக்குத் தங்குகிறவர் 1,400-தான் கொடுக்கிறார். ஆனால் துப்புரவுச் செலவு ஏழு நாளைக்கு ஒரு தடவைதான். அவரிடம் தினம் மிஞ்சுவது 958 ரூபாய். குறைந்த ரேட் கொடுத்தவரிடம்தான் லாபம் அதிகம்!

"முப்பது வருஷம் பண்டகசாலையில சில்லறை, மொத்தம்னு ரெண்டு விலை எழுதியிருக்கேன். என் வீட்டு மாடிக்கு அது தோணவே இல்லையே" என்று அவர் தலையில் தட்டிக் கொண்டார்.

மூன்று மெத்தை, 80 டாலர்

இந்த ராத்திரி வாடகை வியாபாரம் உலகம் முழுவதும் பரவியதே ரூம் தட்டுப்பாட்டில்தான். 2007 அக்டோபரில் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் டிசைன் மாநாடு ஒன்று நடந்தது. ஓட்டல்கள் நிரம்பி விட்டன. வாடகை கட்டத் திண்டாடிய இரண்டு வாலிபர்கள் தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தை மூன்றைப் போட்டு, ஒரு ராத்திரிக்கு 80 டாலர் என்று விட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள். மறு ஆண்டு அதுவே 'ஏர்பிஎன்பி' கம்பெனி ஆனது.

ஊரில் கூட்டம் இருக்கும் அன்று ரேட் ஏறும் என்பது அன்றைக்கே எழுதிய விதி. இப்போது ஆப்களே அதைச் செய்கின்றன. கீழ் ரேட் இது, மேல் ரேட் இது என்று வீட்டுக்காரர் சொல்லி விட்டால் போதும். கூட்டத்தைப் பார்த்து மெஷினே தினமும் ரேட்டை ஏற்றி இறக்கும்.

மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு பிளாட். நம்ம வீட்டுக்காரரின் மனைவியுடைய தங்கைக்குச் சொந்தம். டிசம்பர் சங்கீத சீசனுக்கு வெளிநாட்டில் இருந்து வரும் தமிழர்களுக்கு விடுகிறார். சபாவுக்கு நடந்தே போகலாம் என்பதால் கிராக்கி அதிகம். 2023 ஜூன் மாதம் 2 ஆயிரத்து 800 என்று ரேட் போட்டார். ஒரே வாரத்தில் சீசன் முழுவதும் புக் ஆகி விட்டது. அக்காவிடம் போன் போட்டுச் சந்தோஷப்பட்டார். அக்காள் புருஷன் போனை வாங்கி, "ஆறு மாசம் முன்னாடியே ஒரு வாரத்துல நிரம்புதுன்னா, நீ ரேட்டைக் குறைச்சு வெச்சுட்டேன்னு அர்த்தம்மா" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம்.

அந்த டிசம்பரில் 'மிச்சாங்' புயல் வந்து சென்னையை மூழ்கடித்ததும், இரண்டு பார்ட்டிகள் வரவில்லை என்று பணத்தைத் திருப்பி வாங்கிக் கொண்டதும் தனிக் கதை. கேன்சல் விதியைச் சரியாகப் படிக்காமல் ரேட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான்.

கொல்கத்தா பைனலுக்கு வந்தது!

2024 மே மாதம் 11-ந்தேதி. மேற்கு வங்காளம் பர்தமானில் இருந்து ஒரு பள்ளி ஆசிரியர் தன் தாயாருடன் மாடிக்கு வந்தார். தாயாருக்கு வயது 70-க்கு மேல். இருதய ஆபரேஷன். மகன் மட்டும் சில நாள் ரூமில் இருந்தார். ஆபரேஷன் முடிந்து தாயாரும் வந்து சேர்ந்தார். 25-ந்தேதி சனிக்கிழமை ஹவுரா மெயிலில் ஊர் திரும்ப டிக்கெட். இரண்டு வாரத்துக்குப் பணம் கட்டியாகி விட்டது.

ஆசிரியர் சாது. கடல் மீன் பிடிக்கவில்லை, ஊர் ஆற்று மீன் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு புகார் இல்லை.

அந்த ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் பைனல், மே 26 ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கம் ஸ்டேடியத்தில். 21-ந்தேதி ராத்திரி கொல்கத்தா அணி பைனலுக்குத் தகுதி பெற்றது. அடுத்த சில நிமிடங்களில் வீட்டுக்காரரின் செல்போன் சிணுங்கியது. "உங்கள் பகுதியில் கிராக்கி அதிகம், ரேட்டை ஏற்றலாம்" என்று ஆப் சொன்னது.

25, 26 இரண்டு ராத்திரியும் மாடி காலிதானே! 1,850 என்பதை 5 ஆயிரத்து 500 ஆக்கினார். கை நடுங்கியதாம். அரை மணி நேரத்தில் கொல்கத்தாவில் இருந்து இரண்டு வாலிபர்கள் புக் செய்தார்கள். 11 ஆயிரம் ரூபாய்! மறுநாள் காலையில் பக்கத்துத் தெருவில் ஒருவர் 8 ஆயிரத்துக்கு விட்டதாகக் கேள்விப்பட்டு, அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று மனைவி சொல்கிறார்.

24-ந்தேதி வெள்ளிக்கிழமை மாலை. ஆசிரியர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். முகம் வாடி இருந்தது. தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கிறதாம். இன்னும் மூன்று நாள் இருந்து காட்டி விட்டுத்தான் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லி விட்டார்.

"அங்கிள், மூணு நாள் மட்டும். அந்த கிரிக்கெட் ரேட்டே கொடுக்கிறேன்" என்று இந்தியும் இங்கிலீசும் கலந்து கேட்டார்.

ரூம்தான் போய் விட்டதே! புக் செய்தவர்களை கேன்சல் செய்தால் கம்பெனி அபராதம் போடும். ஆப்பில் வீட்டின் பெயர் பின்னால் தள்ளப்படும். கொல்கத்தாவில் ரெயில் ஏறி விட்ட வாலிபர்கள் எங்கே போவார்கள்? அந்த ராத்திரி சென்னையில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதே குதிரைக் கொம்புதான் இந்த ஆசிரியருக்கும்.

இவரை அனுப்பினால் ஆபரேஷன் ஆன கிழவி எங்கே படுப்பார்?

வீட்டுக்காரர் நோட்டைத் திறந்தார். மூடினார். எந்தப் பக்கத்திலும் விடை இல்லை.

பேரம் தலைகீழ்!

கீழே சமையல் அறையில் இருந்து மனைவி வந்தார்.

"என்னங்க, நம்ம ரூமைக் கொடுத்துடலாம். நாம ஹால்ல படுத்துக்குவோம். அந்தம்மாவும் மாடிப்படி ஏறி இறங்க வேணாம்."

"நம்ம ரூமுக்கு என்ன ரேட் சொல்றது?"

"ரேட்டா? வாயை மூடுங்க."

ஆசிரியரிடம் சொன்னதும் அவர் கண் கலங்கியது. ஆனால் இலவசம் என்றதும் மறுத்து விட்டார். "பணம் வாங்காவிட்டால் தாயாரை ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்க வைப்பேன்" என்றார். 1,400 தருகிறேன் என்றார். அம்மாள் 500 என்றார். அவர் ஆயிரத்துக்கு இறங்கினார். அம்மாள் 600-க்கு ஏறினார். வாங்குகிறவர் குறைக்க, கொடுக்கிறவர் ஏற்ற, இப்படி ஒரு பேரத்தை அந்தச் சந்து பார்த்தது இல்லை. கடைசியில் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "பாதி வீடு, பாதி ரேட். 700" என்றார். முடிந்தது.

மூன்று ராத்திரிக்கு 2 ஆயிரத்து 100. நோட்டில் 'கீழ் ரூம்' என்று புதிதாக ஒரு தலைப்பு ஏறியது.

பைனல் சீக்கிரமே முடிந்து விட்டது. ஐதராபாத் அணி 113 ரன்னில் சுருண்டது. கொல்கத்தா 8 விக்கெட்டில் ஜெயித்தது. சத்தம் போட்டுக் கொண்டே திரும்பிய இரண்டு வாலிபர்களும் கீழே வங்காள மொழி கேட்டு நின்று விட்டார்கள். சத்தம் அடங்கியது. கிழவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு விட்டு, செருப்பைக் கையில் எடுத்துக் கொண்டு மாடிக்குப் போனார்களாம்.

அந்த இரண்டு ராத்திரியில் செலவெல்லாம் போக மாடியில் மிஞ்சியது 8 ஆயிரத்து 530. அதை வாங்கியதில் தனக்கு வெட்கம் எதுவும் இல்லை என்கிறார் வீட்டுக்காரர். "ஆட்டம் பாக்க வர்றவன் வராமலும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வர்றவன் அப்படி இருக்க முடியுமா?" என்று கேட்கிறார். மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ரேட் போடுவதை மெஷினிடம் விடவில்லை என்று சொல்கிறார்.

காலி ரூம்

அதே ஆண்டு ஆகஸ்டில் வங்காளதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தது. இந்தியா விசாவைக் குறைத்தது. அங்கிருந்து வரும் நோயாளிகள் கூட்டம் குறைந்தது. ஜூலையில் 21 ராத்திரி நிரம்பிய மாடி, செப்டம்பரில் 7 ராத்திரிதான் நிரம்பியது.

அக்கம்பக்கத்தில் ரேட்டைப் போட்டி போட்டுக் குறைத்தார்கள். 1,200 என்றார்கள், 900 என்றார்கள். பழைய 999 போர்டுகள் திரும்ப வந்தன.

வீட்டுக்காரர் நோட்டில் இரண்டு எண்களை எழுதி வைத்திருந்தார். ஒன்று 1,850. மாதம் முழுவதற்கும் சேர்த்து சராசரி வர வேண்டிய எண். மற்றது 776. புது ஆள் ஒரு ராத்திரி தங்கினால், கமிஷன், துப்புரவு, கரண்டு சேர்த்து ஆகும் அசல். 776-க்குக் கீழே போனால் ரூமைப் பூட்டி வைப்பதே மேல். இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும், காலியாகக் கிடப்பதைவிட நாலு காசு வரும். நேற்று ராத்திரி காலியாகக் கிடந்த ரூமை இன்றைக்கு இரண்டு தடவை வாடகைக்கு விட முடியாதே!

அக்டோபரில் சிறுநீரகச் சிகிச்சைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு 28 நாளைக்கு 24 ஆயிரம் என்று விட்டார். எல்லாம் போக மிஞ்சியது 11 ஆயிரத்து 420. பழைய வாடகைகூட வரவில்லை. ஆனால் பூட்டி வைத்திருந்தால் கைக்காசு 4 ஆயிரம் போயிருக்கும்.

மறந்து போன கூலி

2024 டிசம்பர் 31-ந்தேதி ராத்திரி. ஊர் பட்டாசு வெடித்துக் கொண்டிருந்தது. நம்மவர் கணக்கை முடித்தார். வருடம் முழுவதும் மிஞ்சியது 2 லட்சத்து 58 ஆயிரம். குடித்தனம் வைத்திருந்தால் 2 லட்சத்து 16 ஆயிரம். வித்தியாசம் 42 ஆயிரம்.

"பாத்தியா!" என்று மனைவியிடம் நோட்டைக் காட்டினார்.

அம்மாள் எட்டாவது வரைதான் படித்தவர். நோட்டைப் பார்க்கவில்லை. "வருஷத்துக்கா? அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

வகுத்தார். 115 ரூபாய்கூட முழுசாக வரவில்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு பிளைட்ல வந்தவங்களுக்குக் கதவைத் திறந்தது, வெளிநாட்டுக்காரங்க வந்தா 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்கு ஆன்லைன்ல எழுதினது, கேஸ் தீந்து போச்சுன்னு ஓடினது, எல்லாம் நாம ரெண்டு பேரும். கூட்டித் துடைக்க வர்றவங்களுக்கு ஒரு தடவைக்கு 300 கொடுக்கறோம். நமக்கு ஆளுக்கு 57 ரூபாயா?"

நீல மையும் சிவப்பு மையும் தவற விட்ட செலவு அது. சோப்பை எழுதியவர் தன் கூலியை எழுதவில்லை! வீட்டை நாள் வாடகைக்கு விடுகிற பலரும் செய்யும் தப்பு இதுதான்.

மாதம் 6 ஆயிரம் கூலி என்று சேர்த்துக் கணக்குப் போட்டால் ரேட் 2,200-க்கு மேல் போக வேண்டும். அவ்வளவு வைத்தால் ஆள் வராது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும்.

2025 செப்டம்பர் 22-ந்தேதி ஒரு வழி கிடைத்தது. 7 ஆயிரத்து 500 ரூபாய் வரை உள்ள ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதம் ஆனது. 1,850-க்கு வரி சேர்த்து 2,072 கொடுத்து வந்தார்கள். வீட்டுக்காரர் ரேட்டை 1,975 ஆக்கினார். புது வரி சேர்த்து 2,074 வந்தது. வருகிறவருக்கு 2 ரூபாய்தான் வித்தியாசம். ரேட்டில் 125 கூடியது.

"சர்க்கார் ஜனங்களுக்குக் குறைச்சதை நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று மனைவி பிடித்துக் கொண்டார்.

இரண்டு நாள் பேச்சு வார்த்தை. ஒற்றை ராத்திரி ஆட்களுக்கு 1,975. வாரக் கணக்கில் தங்கும் ஆஸ்பத்திரி ஆட்களுக்கு அதே 1,400, வரிக் குறைப்பு முழுவதும் அவர்களுக்கே என்று முடிவானது. வரியோடு 10 ஆயிரத்து 976 ஆக இருந்த வார வாடகை 10 ஆயிரத்து 290 ஆனது. கூலிக் கணக்கு இன்னும் முழுசாக நேராகவில்லை.

மறுபடி வந்தார்கள்

2025 நவம்பரில் பர்தமான் ஆசிரியரிடம் இருந்து போன் வந்தது. தாயாருக்கு செக்கப்.

"அங்கிள், ரேட் என்ன?"

"வாரத்துக்கு 9,800. பழைய ரேட்தான். வரி குறைஞ்சிருக்கு."

"கீழ் ரூம்?"

போனைப் பிடுங்கி மனைவி சொன்னார்: "அது வாடகைக்கு இல்லை."

ஒரு டப்பா மிகிதானா இனிப்போடு வந்து இறங்கினார்கள். ஆசிரியர் பெட்டியைத் தூக்கிக் கொண்டு முன்னால் போனார். தாயார் யார் கையையும் பிடிக்கவில்லை. மாடிப்படியில் பாதியில் ஒரு தடவை மட்டும் நின்று மூச்சு வாங்கிக் கொண்டு, மேலே ஏறிப் போனார்.